கிராஃப்கியூஎல் கிளையன்ட் நூலகத்தில் ஸ்கேலர் வகைகள்: மாற்றுப்பெயரா, உறைவகையா, கோடெக்கா?

கிராஃப்கியூஎல் என்பது கிளையன்ட் நிரல் தனக்கு வேண்டிய தரவை சர்வரிடம் கேட்பதற்கான வினவல் மொழி. அதன் விவரக்குறிப்பு இன்ட் (முழுஎண்), ஃப்ளோட் (தசம எண்), ஸ்ட்ரிங் (எழுத்துச்சரம்), பூலியன் (உண்மை/பொய்), ஐடி (அடையாளக் குறி) என்ற ஐந்து ஸ்கேலர்களை, அதாவது மேலும் பிரிக்க முடியாத ஒற்றை மதிப்பு வகைகளை, மட்டுமே வரையறுக்கிறது. தேதி, பணத்தொகை, 64 பிட் முழுஎண் முதலியவற்றை அந்தந்த சர்வர் தன் ஸ்கீமாவில் (தரவு வகைகளின் வரையறையில்) தனிப்பயன் ஸ்கேலர்களாக அறிவித்துக்கொள்ள வேண்டும். இவற்றை நிரல்மொழியின் வகைகளோடு இணைக்கும் இடத்தில்தான் கிளையன்ட் நூலகங்கள் வேறுபடுகின்றன: சில, மொழியில் ஏற்கெனவே உள்ள வகைக்கு ஒரு மாற்றுப்பெயர் சூட்டுகின்றன, சில, அந்த மதிப்பை உள்ளே பொதிந்த தனி உறைவகையை உருவாக்குகின்றன, சில, ஜேசன் (தரவை எழுத்தாக அனுப்பும் வடிவம்) மதிப்பை இருபுறமும் மாற்றித்தரும் கோடெக்கைப் பதிவுசெய்யச் சொல்கின்றன. நிரலில் எழுதிய வகையும் ஓட்டத்தின்போது வந்துசேரும் மதிப்பும் ஒன்றுதானா என்பதே இம்மூன்றையும் எடைபோட நான் வைக்கும் அளவுகோல்.

பூலியனுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் மாற்றுப்பெயரே போதும். தேதிக்கு வரும்போதுதான் அதன் பலவீனம் தெரிகிறது. ஸ்கீமாவைப் படித்து டைப்ஸ்கிரிப்ட் வகைகளை எழுதித்தரும் நிரலுருவாக்கியின் அமைப்பில் ஒரு ஸ்கேலரை 'டேட்' என்று குறித்துவிட்டால், கம்பைலர் அதை அப்படியே நம்பும். ஆனால் வலைக்கான அப்போலோ கிளையன்ட் என்ற நூலகம் தனிப்பயன் ஸ்கேலர்களைத் தானாக மாற்றுவதில்லை என்பதால், கைக்கு வருவது வெறும் ஸ்ட்ரிங்தான். தேதிக்குரிய மெத்தடை அதன்மேல் அழைத்தவுடன் நிரல் முறியும். ரஸ்ட்டில் நிலைமை வேறு: அங்கே மாற்றுப்பெயர் சுட்டும் வகையே, செர்டி நூலகத்தின் வழியாக, ஜேசனிலிருந்து தன்னை உருவாக்கிக்கொள்கிறது, மதிப்பு பொருந்தாவிட்டால் பிழை அப்போதே எழும். ஆக, பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இந்த அறிவிப்பு ஒரு மொழியில் உறுதிமொழியாகவும் இன்னொன்றில் வெறும் நம்பிக்கையாகவும் அமைகிறது.

உறைவகை தன் மதிப்பைக் காட்டும் இடம் ஐடி. அது எப்போதும் ஸ்ட்ரிங்காகவே சர்வரிலிருந்து வருகிறது. உள்ளீடாகத் தரும்போது முழுஎண்ணும் ஏற்கப்படும். அதை ஸ்ட்ரிங்குக்கு மாற்றுப்பெயராக்கினால், பயனரின் பெயரை ஐடி கேட்கும் இடத்தில் கொடுத்தாலும் தடுப்பார் இல்லை. எல்ம் மொழிக்கான நூலகம் ஐடியைத் தனி வகையாகவே உருவாக்குகிறது. பயனர் ஐடியையும் பொருள் ஐடியையும் இதனால் பிரித்தறிய முடியாது, ஏனெனில் ஸ்கீமாவில் இரண்டும் ஒரே வகைதான். ஆயினும் பெரும்பான்மையான குழப்பங்கள் இதிலேயே தீர்ந்துவிடுகின்றன. ஒவ்வொரு முறையும் உறையைப் பிரிக்க வேண்டியிருக்கும் உழைப்பு அதற்குத் தகும் விலை என்றே கருதுகிறேன்.

தனிப்பயன் ஸ்கேலர்களுக்கு என் தேர்வு கோடெக். அப்போலோ கோட்லினில் அது அடாப்டர் என்ற பெயரில் இருக்கிறது. எனினும் கோடெக்கால் காப்பாற்ற முடியாத ஒரு சூழல் உண்டு, அது பலமுறை கவனிக்கப்படாமல் போகிறது. இன்ட் 32 பிட் வரம்புக்குட்பட்டது. 2147483647-ஐத் தாண்டும் எண்ணுக்காக சர்வர் 'லாங்' என்றொரு ஸ்கேலரை அறிவித்து, அதை ஜேசன் எண்ணாகவே அனுப்புகிறது என்று கொள்வோம். ஜாவாஸ்கிரிப்ட்டின் வழக்கமான ஜேசன் பாகுபடுத்தி (ஜேசன் எழுத்தை மதிப்பாக்கும் கருவி) 9007199254740993 என்பதை 9007199254740992 ஆக்கிவிடும். கோடெக் அந்த மதிப்பைப் பார்க்கும் முன்பே கடைசி இலக்கம் தொலைந்துவிட்டது. அதன்பின் பெரிய முழுஎண்களுக்கான பிக்இன்ட் வகையாக மாற்றுவதில் எந்தப் பயனும் இல்லை. எனவே கோடெக்கை வடிவமைப்பவர், பெரிய எண்களை சர்வர் ஸ்ட்ரிங்காக அனுப்ப வேண்டும் என்று ஆவணத்தில் வற்புறுத்த வேண்டும், அல்லது எண்ணின் மூல எழுத்து வடிவத்தைத் தக்கவைக்கும் பாகுபடுத்தியைத் தர வேண்டும்.

கேஷ் (வந்த தரவைச் சேமித்துவைக்கும் இடம்) இருக்கும் நூலகங்களில் மாற்றம் எந்தக் கட்டத்தில் நிகழ வேண்டும் என்பதையும் முடிவுசெய்தாக வேண்டும். மாற்றாத ஜேசன் மதிப்பையே சேமித்து, வாசிக்கும்போது கோடெக்கை இயக்குவது நல்லது. வட்டில் எழுதுவதும் ஒப்பிடுவதும் அப்போது எளிது.

பயனர் எதையும் குறிப்பிடாத ஸ்கேலரை என்ன செய்வது என்பதிலும் நூலகங்கள் ஒத்துப்போவதில்லை. டைப்ஸ்கிரிப்ட் நிரலுருவாக்கி இயல்பாக 'எனி' (எந்த மதிப்பும் ஏற்கும் வகை) என்று வைக்கிறது, அப்போலோ ஐஓஎஸ் ஸ்ட்ரிங் என்று கொள்கிறது. பெயரைக் கொண்டு ஊகிப்பதும் சரியல்ல: 'டேட்டைம்' என்ற ஒரே பெயரில் ஒரு சர்வர் ஐஎஸ்ஓ வடிவ ஸ்ட்ரிங்கையும் மற்றொன்று மில்லிவினாடி எண்ணையும் அனுப்பலாம். 2021 அக்டோபர் பதிப்பில் சேர்ந்த 'ஸ்பெசிஃபைட்பை' குறிப்பு, ஸ்கேலரின் விவரணை இருக்கும் முகவரியைச் சுட்டுகிறது. அதைப் படித்துக் கோடெக் எழுதுவது மனிதர் கையில்தான் இருக்கிறது. ஆகவே இணைப்பு இல்லாத ஸ்கேலரைக் கண்டதும் நிரலுருவாக்கி அதன் பெயரைச் சொல்லி நின்றுவிடுவதையே நான் விரும்புவேன்.