வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பாடம்? ஆறாவது ஆண்டில் எங்கள் அனுபவம்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்று சொன்னதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பாடம் எடுப்பீங்க?" என்பதுதான். கும்பகோணம் பேருந்தில் பக்கத்தில் உட்காருபவரும் கேட்கிறார், கல்யாண வீட்டுப் பந்தியில் சொந்தக்காரர்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாததால், யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீடு பாபநாசம் பக்கம், குடமுருட்டிப் பாசனத்தில் இருக்கும் ஒரு கிராமத்தில். கணவர் விவசாயம். மாமியார் எங்களோடு இருக்கிறார். நான் கணிதம் படித்தவள், வெளியே வேலைக்குப் போகவில்லை. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது பெரியவள் மூன்றாம் வகுப்பில் இருந்தாள், சின்னவனை இன்னும் எங்கும் சேர்க்கவில்லை. பள்ளிகள் திரும்பத் திறந்தபோது வீட்டிலேயே தொடரலாம் என்று நாங்கள் இருவரும் பேசி முடிவெடுத்தோம். இப்போது அவளுக்குப் பதினான்கு, அவனுக்குப் பத்து.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு வயதில் எங்கள் வீட்டுப் பாட நேரம் ஒரு மணிக்குள்தான். எட்டிலிருந்து பத்து வயது வரை ஒன்றரை முதல் இரண்டு மணி. பன்னிரண்டு வயதுக்கு மேல் மூன்று மணி, அதில் பாதி அவளாகவே உட்கார்ந்து படிப்பது. தேர்வை நெருங்கியிருக்கும் இப்போது நாலு மணியைத் தாண்டுகிறது.

இதில் எதைச் சேர்த்தேன், எதைச் சேர்க்கவில்லை என்று சொன்னால்தான் கணக்குக்கு அர்த்தம் இருக்கும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து, இன்று இதைக் கற்க வேண்டும் என்று ஒரு குறியோடு உட்காரும் நேரமும், பிள்ளை தானாக நோட்டும் புத்தகமுமாக உட்காரும் நேரமும் மட்டுமே என் கணக்கில் வரும். வயலுக்குப் போனது, சமையலில் கூடமாட நின்றது, பாட்டியிடம் கதை கேட்டது எதையும் நான் சேர்ப்பதில்லை. வீட்டில் படிக்க வைக்கும் சிலர் "எங்களுக்கு நாள் முழுக்கப் பாடம்தான்" என்கிறார்கள். அவர்கள் சொல்வது புரிகிறது. ஆனால் நேரத்தைக் கேட்பவருக்கு அந்தப் பதில் உதவாது. வாழ்க்கையிலிருந்து பிள்ளை கற்பது பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கும் உண்டுதானே?

"ஏம்மா, பத்து மணிக்கே நோட்டை மூடிட்டீங்களே, போதுமா?" என்று மாமியார் ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டே இருப்பார். எனக்கும் அந்தக் கவலை இருந்ததால் விதிகளைத் தேடிப் படித்தேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிகள் வருஷத்துக்குக் குறைந்தது 200 நாள், 800 மணி நேரம் பாடம் நடத்த வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1000 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் சின்னப் பிள்ளைகளுக்கு நாளுக்கு நாலு மணி, பெரிய பிள்ளைகளுக்கு நாலரை. வகுப்பில் முப்பது நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வருகைப் பதிவு எடுத்து, நோட்டுத் திருத்தி, புரியாதவர்களுக்குத் திரும்பச் சொல்லித் தருவதற்கும் சேர்த்துத்தான் அந்த நாலு மணி. எதிரில் ஒரே பிள்ளை இருக்கும்போது, அவன் எங்கே தடுக்கிவிழுகிறான் என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும். பாதி நேரம் போதும் என்பது என் அனுபவம்.

ஊரடங்கில் அரசுகளே இதற்கு ஒரு வரம்பு போட்டன. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலக் கல்வி வாரியம் 2020இல் வீட்டுப் படிப்புக்குப் பரிந்துரைத்தது மழலை வகுப்புக்கு நாளுக்கு 30 முதல் 90 நிமிடம், மூன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கு 60 முதல் 120 நிமிடம். அதே வருஷம் ஜூலையில் நம் மத்திய அரசு வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டி, எட்டாம் வகுப்பு வரை ஆன்லைன் பாடம் நாளுக்கு இரண்டு அமர்வுக்கு மேல் கூடாது, ஓர் அமர்வு 30 முதல் 45 நிமிடம்தான் என்றது. இவை நெருக்கடிக் காலத்துக்கும் திரைக்கும் சொன்னவை என்றாலும், என் பையனின் ஒன்றரை மணி நேரம் எனக்குப் பயமாகத் தெரியாமல் போனது இவற்றைப் படித்த பிறகுதான். எதிர்ப்பக்கமும் உண்டு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வீட்டுப் பள்ளிக்கு வருஷம் 1000 மணி நேரம், அதில் 600 மணி அடிப்படைப் பாடங்கள் என்று சட்டமே இருக்கிறது. நம் ஊரில் வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கென்று அப்படி மணிக்கணக்கு விதி எதுவும் இல்லை. அதனால் பொறுப்பு முழுக்க நம் தலையில்தான்.

சரி, டெல்டாவில் இதை எப்படி நடத்துகிறோம்? தினமும் ஒரே அளவு என்பது விவசாய வீட்டில் நடக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் நாட்களில்தான் எங்கள் வீட்டில் அதிகமாகப் படிப்பு ஓடும். வெளியே போக வழியில்லை, எல்லோரும் கூடத்தில்தான். சம்பா அறுவடை வந்துவிட்டால் தை மாதக் கடைசியிலிருந்து பாடம் ஒரு மணியாகச் சுருங்கும். களத்துக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் அலைகிற வீட்டில் நான் மட்டும் எட்டு மணிக்குப் புத்தகத்தை விரி என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. சித்திரை வெயிலில் காலை ஆறரைக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடித்துவிடுவோம். ஆகவே நாள் கணக்கைவிட மாதக் கணக்குப் பார்ப்பதுதான் எனக்குச் சரியாக வருகிறது. மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டி, எந்தப் பாடம் பின்தங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.

பாட நேரம் எப்போது நீளும் என்பதற்கு ஒரு உதாரணம். 2024இல் அணையில் தண்ணீர் போதாமல், வழக்கமான தேதியான ஜூன் 12இல் மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கவில்லை. ஜூலை 28இல்தான் திறந்தார்கள். குறுவை நெல் சாகுபடி வேலை தள்ளிப்போனதால் கணவர் காலையில் வீட்டில் இருந்தார். அந்த வாரங்களில் புவியியலை அவரே எடுத்துக்கொண்டார். மேட்டூரிலிருந்து வரும் தண்ணீர் முக்கொம்பில் கொள்ளிடத்துக்கு எப்படிப் பிரிகிறது, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று எப்படிப் பங்காகிறது என்று தரையில் சாக்பீஸால் வரைந்தே காட்டினார். அப்போது பெரியவள் கேட்டாள், "அப்பா, பேப்பர்ல கன அடின்னு போடுறாங்க, டிஎம்சின்னும் போடுறாங்க. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

அவ்வளவுதான், அரை மணி நேரப் பாடம் மதியம் வரை போனது. விநாடிக்கு 10,000 கன அடி திறந்தால், ஒரு நாளுக்கு 86,400 விநாடி, பெருக்கினால் 86 கோடியே 40 லட்சம் கன அடி. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. அப்படியானால் நாளுக்கு 0.864 டிஎம்சி போகிறது. மேட்டூர் 120 அடி நிரம்பியிருந்தால் 93.47 டிஎம்சி. வரத்தே இல்லாமல் அதே அளவில் திறந்துவிட்டால் எத்தனை நாள் வரும்? ஆவியாவதையும் அடியில் நிறுத்த வேண்டிய தண்ணீரையும் விட்டுவிட்டுப் பார்த்தால் 108 நாள். அவள் விடையைப் படித்ததும் மாமியார், "குறுவைக்கே நூத்திப் பத்து நாள் வேணுமே" என்றார். ஏன் எல்லோரும் ஜூனில் குடகு மழையையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்கு அன்று கணக்காகவே புரிந்தது. தசமப் பெருக்கலில் அப்புறம் அவள் தடுமாறியதில்லை.

சின்னவனுக்குப் பரப்பளவும் இப்படித்தான் வந்தது. பன்னிரண்டடிக் கோலால் ஒரு சதுரம் போட்டால் ஒரு குழி, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, மூன்று மா சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. இந்த மாதிரி நாட்கள் தினமும் வராது. மற்ற நாட்களில் வாய்ப்பாடு, சொல்வதெழுதுதல், இலக்கணம், ஆங்கில வாசிப்பு என்று நேராகப் போகும் பாடம்தான். அதற்குத் தமிழ்நாடு பாடநூல்களையே இணையத்தில் இலவசமாக இறக்கி வைத்திருக்கிறேன். கீழ் வகுப்புகளுக்கு மூன்று பருவமாகப் பிரித்திருப்பது வீட்டில் திட்டம் போட வசதி. சின்ன வயதில் ஒரு பாடத்துக்குப் பதினைந்து, இருபது நிமிடத்துக்கு மேல் இழுக்காமல் நிறுத்தியதுதான் இத்தனை வருஷத்தில் நல்ல பலன் தந்த ஒரே பழக்கம் என்பேன்.

இப்போது யாரும் கேட்காத பாதிக்கு வருகிறேன். பெரியவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? பிள்ளைக்கு இரண்டு மணி நேரம் என்றால் எனக்குக் குறைந்தது மூன்றரை மணி. நாளைய பாடத்தை இரவே படித்து வைக்க வேண்டும், நோட்டுத் திருத்த வேண்டும், இரண்டு பிள்ளைகளும் வேறு வேறு வயது என்பதால் ஒருவனை எழுத வைத்துவிட்டு இன்னொருத்திக்கு விளக்க வேண்டும். காலை ஏழிலிருந்து பதினொன்று வரை என் கையில் வேறு வேலை எதுவும் இருக்கக் கூடாது. போனை எடுத்தால்கூடப் பாடம் கலைந்துவிடும். மாமியார் அடுப்படியைப் பார்த்துக்கொள்வதால்தான் அந்த நாலு மணி நேரம் எனக்குக் கிடைக்கிறது. வீட்டுப் பள்ளிக்குச் செலவில்லை என்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை, ஒருவருடைய காலைப்பொழுது முழுக்க, வருஷக்கணக்கில், அதற்குச் செலவாகிறது. இந்த நேரத்தைத் தருவதற்குப் பதிலாக ஒரு கட்டணச் செயலி வாங்கிப் பார்த்தோம். பையன் திரையின் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்தான், கேட்டால் பதில் வரவில்லை. சந்தாவைத் திரும்பக் கேட்டும் பணம் வரவில்லை.

குறைகளும் இருக்கின்றன. பாடம் பத்தரைக்கு முடிந்துவிடும், ஆனால் விளையாடத் தோழர்கள் வேண்டுமே. தெருப் பிள்ளைகள் நாலு மணிக்குப் பள்ளி விட்டு வந்து, ஐந்துக்கு டியூஷன் போய், ஏழு எட்டுக்குத்தான் திரும்புகிறார்கள். வார நாட்களில் சின்னவன் ஏங்கிப்போகிறான், பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அறிவியல் செய்முறையும் ஆங்கிலத்தில் பேசிப் பழகுவதும் வீட்டில் முழுமையாக நடப்பதில்லை.

பெரியவள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதப் போகிறாள். அதற்குக் குறைந்தபட்ச வயது பதினான்கு. ஐந்து பாடம் தேறினால் சான்றிதழ். ஏப்ரல் – மே, அக்டோபர் – நவம்பர் என்று வருஷம் இரண்டு முறை தேர்வு உண்டு, ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. ஒரே தடவையில் ஐந்தையும் எழுத வேண்டியதில்லை என்பதால், முதலில் இரண்டு, அப்புறம் மூன்று என்று பிரித்திருக்கிறோம். அப்படிப் பிரித்தும் நாலு மணிக்கு மேல் ஆகிறது. மொத்தமாக எழுதினால் ஆறு மணியாகியிருக்கும் என்று நினைக்கிறேன். மேல் வகுப்பு வந்தால் "வீட்டில் இரண்டு மணி நேரம் போதும்" என்ற பேச்சு செல்லாது. இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

கணவன் மனைவி இருவரும் காலையில் வேலைக்குக் கிளம்பும் வீடாக இருந்தால் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். சாயங்காலம் களைத்து வந்து இரண்டு மணி நேரம் உட்காருவது எழுத்தில் சுலபமாகத் தெரிகிறது, செய்ய முடியாது. பெரியவர் ஒருவருக்குக் காலைப்பொழுது ஓய்வாக இருக்கிறது, பிள்ளையும் சின்ன வயது என்றால் தாராளமாக யோசிக்கலாம். அதற்கு முன் மே விடுமுறையில் இரண்டு வாரம் நடத்திப் பாருங்கள். ஒரு நோட்டில் பிள்ளை படித்த நிமிடங்களை எழுதுங்கள். பக்கத்திலேயே இன்னொரு கோடு போட்டு, உங்களுக்கு ஆன நிமிடங்களையும் எழுதுங்கள். இரண்டாவது கணக்கைத் தாங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பள்ளி விஷயத்தை முடிவு செய்யுங்கள்.