பாதுகாப்பு உத்தரவை மீறினால் எந்த ஆதாரம் கோர்ட்டில் நிற்கும்?

என் சித்தி மகளுக்கு வீடு களியக்காவிளையில், வேலை எல்லை தாண்டி கேரளத்துப் பாறசாலையில் ஒரு துணிக்கடையில். குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு உத்தரவு வாங்கிய பிறகும் அவள் புருஷன் கடை வாசலில் வந்து நின்றான், ராத்திரி ராத்திரி மெசேஜ் போட்டான். அவள் கையில் இருந்ததெல்லாம் ஸ்கிரீன்ஷாட். பார்க்கவே பிடிக்கவில்லை என்று வாட்ஸ்அப் சாட் மொத்தத்தையும் அழித்துவிட்டாள். வெட்டி ஒட்டியது என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் தள்ளினார்.

வாட்ஸ்அப்பை நான் குறை சொல்லவில்லை, அவன் பேசியதை அப்படியே காட்ட அதைவிட்டால் வேறு இல்லை. ஆனால் எதையும் அழிக்காமல் அதே போனைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், பிரிண்ட்டோ பென்டிரைவோ கொடுத்தால் 2023 சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழும் (நகல் எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுத்தது என்று உறுதி சொல்வது) கூடவே வேண்டும்.

சிசிடிவியில் அவன் நின்றது முகத்தோடு தெரியும். ஆனால் பக்கத்துக் கடை அண்ணாச்சி சொன்னார்: "மக்ளே, பத்து நாள் தாண்டினா தானா அழிஞ்சிரும்." நாங்கள் போனது மூன்று வாரம் கழித்து.

என்னைக் கேட்டால் முதல் இடம் அன்றைக்கே கொடுக்கும் புகாருக்குத்தான். 112க்கு அடித்த போன், ஸ்டேஷனில் வாங்கிய ரசீது, இரண்டிலும் தேதியும் நேரமும் நாம் எழுதியது இல்லை, அரசாங்கம் எழுதியது. தமிழ்நாட்டு உத்தரவு பாறசாலையில் செல்லாது என்று நினைத்து அவள் பேசாமல் இருந்துவிட்டாள். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி அது இந்தியா முழுக்கச் செல்லும். மீறினால் ஒரு வருஷம் வரை ஜெயில் அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம்.

சாட்சி சொல்ல அக்கம்பக்கம் வராவிட்டால் கலங்க வேண்டாம். பாதிக்கப்பட்டவளின் வாக்குமூலம் ஒன்றை மட்டும் வைத்தே கோர்ட் முடிவுக்கு வரலாம் என்று அதே 2005 சட்டத்தின் 32ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் ஒரு நோட்டில் தேதி, நேரம், இடம் எழுதி வையுங்கள், குறுக்கு விசாரணையில் தடுமாற மாட்டீர்கள்.

அப்புறம், உத்தரவு அவன் கைக்குப் போனதற்கான அத்தாட்சியை வாங்கி வையுங்கள், உத்தரவில் எதையெல்லாம் தடுத்திருக்கிறது என்று வரி வரியாகப் படியுங்கள். அவள் உத்தரவில் வீடு இருந்தது, கடை இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி இப்போதுதான் மனு போட்டிருக்கிறோம்.