மீட்டரை நகர்த்துவதா, குழாயை நீட்டுவதா? சமையலறையை மாற்றுகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

சமையலறையை உடைத்துப் புதிதாகச் செய்யலாம் என்று முடிவானபோது டைல்ஸ், சிங்க், சிம்னி எல்லாவற்றையும் யோசித்தோம். கேஸ் மீட்டரை மட்டும் மறந்துவிட்டோம். அடுப்பு தென்கிழக்கு மூலைக்கு, அக்னி மூலைக்கு வர வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம். மீட்டரோ எதிர்ச்சுவரில், ஜன்னலை ஒட்டி இருந்தது. இன்டீரியர் வேலையை எடுத்தவர்கள் கொண்டுவந்த வரைபடத்தில் மீட்டர் இருந்த இடத்தில் தரையிலிருந்து கூரை வரை ஓர் உயர அலமாரி. "அக்கா, மீட்டர கப்போர்டுக்குள்ள விட்டுடலாம், வெளிய தெரியாது" என்றார் வந்தவர். அன்றிரவுதான் நான் இதைப் பற்றிப் படிக்கவும் விசாரிக்கவும் ஆரம்பித்தேன்.

எங்கள் அடுக்ககத்தைப் போல குழாய் எரிவாயு வந்துவிட்ட சென்னை வீடுகளில் இப்போது இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. மூன்று வழிகள் இருக்கின்றன: மீட்டரை அப்படியே விட்டுவிட்டு அடுப்பு வரை செப்புக் குழாயை நீட்டலாம். மீட்டரையே எடுத்து யுடிலிட்டி பால்கனிக்குக் கொண்டுபோகலாம். இல்லையென்றால் குழாய் இணைப்பை விட்டுவிட்டு சிலிண்டருக்கே திரும்பலாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. தெருவில் மண்ணுக்கடியில் வரும் பாலிஎதிலீன் குழாயில் வாயுவின் அழுத்தம் சுமார் 4 பார். கட்டடத்துக்குள் நுழையும்போது ஒரு ரெகுலேட்டர் அதை 100 மில்லிபார் அளவுக்குக் குறைக்கிறது. வெளிச்சுவரில் ஏறும் மஞ்சள் ஜி.ஐ. குழாயில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில், வழக்கமாக அந்த அழுத்தம்தான். மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ரெகுலேட்டர் அதை மறுபடியும் 21 மில்லிபாராகக் குறைத்து அடுப்புக்கு அனுப்புகிறது. 21 மில்லிபார் என்பது ஏறக்குறைய 21 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம், அவ்வளவுதான். அதனால் மீட்டருக்கு முன்னால் உள்ள குழாயில் கைவைப்பதும் பின்னால் உள்ள குழாயில் கைவைப்பதும் ஒரே வேலை அல்ல. மீட்டரை நகர்த்தினால் முன்பக்கத்தைத் தொடுகிறீர்கள். அடுப்புக் குழாயை நீட்டினால் பின்பக்கத்தை மட்டும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மீட்டருக்குப் பின்னால் கசிந்தால் அது மீட்டரிலேயே தெரியும். எல்லா பர்னரையும் அணைத்துவிட்டு, கடைசி இலக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. முன்னால் கசிந்தால் மீட்டருக்கு எதுவும் தெரியாது. மூக்குதான் சொல்ல வேண்டும். மணத்துக்காகத்தான் இந்த வாயுவில் மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள பொருளைக் கலக்கிறார்கள்.

குழாயை நீட்டுவது

அடுப்பு இரண்டு மூன்று மீட்டர் நகர்கிறது, மீட்டர் திறந்த சுவரில் காற்றோட்டமாகவே இருக்கப்போகிறது என்றால் இதுதான் சரியான வழி. அரை நாள் வேலை. சீல் வைத்த மீட்டரைத் தொடத் தேவையில்லை. செலவும் குறைவு, ஏனென்றால் கூடும் குழாய் நீளத்துக்கும் பொருத்துபாகங்களுக்கும்தான் பெரும்பாலும் கணக்கு. எரிவாயு நிறுவனத்திடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கிக்கொள்ளுங்கள்.

இதில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. முதலாவது, அழகுக்காகச் செப்புக் குழாயைச் சுவரைக் கொத்திப் புதைத்துப் பூசிவிடுவது. தண்ணீர்க் குழாயில் கசிந்தால் சுவரில் ஈரம் தெரியும். எரிவாயு அப்படி அல்ல. பூச்சுக்குள் பரவி எங்கே வெளிவருகிறது என்றே தெரியாது. சுவரைத் தாண்டும் இடத்தில் மட்டும் ஒரு உறைக்குழாய்க்குள் விட்டு, மற்ற இடமெல்லாம் சுவர்மேல் கிளாம்ப் அடித்துப் போவதே முறை. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே போவதும் வேண்டாம். குழாய் எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன்தான். அது காற்றைவிட லேசானது, கசிந்தால் மேலேதான் போகும். அங்கே அடைபட்ட இடம் இருந்தால் அங்கேயே தங்கும்.

இரண்டாவது தவறு, வளைவுகள். 21 மில்லிபாரில் ஒவ்வொரு எல்போவும், ஒவ்வொரு கூடுதல் மீட்டரும் கொஞ்சம் அழுத்தத்தைத் தின்னும். நேராக மூன்று மீட்டர் போக வேண்டிய குழாயை அலமாரிக்குப் பின்னால் சுற்றவிட்டு ஆறு எல்போ போட்டால், பெரிய பர்னரும் சின்ன பர்னரும் ஒன்றாக எரியும்போது நெருப்பு சோர்ந்துவிடும். தோசைக்கல் காய நேரமெடுக்கும்போதுதான் அது புரியும்.

அப்புறம், அடுப்புக்கு அருகே தனியாக ஒரு வால்வு கேளுங்கள். மீட்டர் தூரத்தில் இருக்கும்போது அதுவே உங்கள் முதல் கைப்பிடி.

மீட்டரை யுடிலிட்டிக்குக் கொண்டுபோவது

இது பெரிய வேலை. வெளிச்சுவரில் ஏறும் ரைசர் குழாயில் அந்த வீட்டுக்கு வரும் கிளையை மூட வேண்டும், ஜி.ஐ. குழாய் வெட்டி மரை போட வேண்டும், பிராக்கெட், ரெகுலேட்டர், மீட்டர் எல்லாம் புதிய இடத்தில் மறுபடி ஏற வேண்டும். மீட்டர் என்பது எரிவாயு நிறுவனத்தின் சொத்து. நம் வீட்டில் இருந்தாலும் நாமோ நம் பிளம்பரோ கழற்றக்கூடாது. விண்ணப்பம், இடப் பார்வை, மதிப்பீடு, பிறகு வேலை என்று நாள் பிடிக்கும்.

அப்படியும் எங்கள் வீட்டுக்கு நான் இதைத்தான் தேர்ந்தெடுத்தேன். உயர அலமாரியை விட்டுக்கொடுக்க வீட்டில் யாருக்கும் மனமில்லை. அலமாரிக்குள் மீட்டரை அடைக்க எனக்குச் சம்மதமில்லை. மூடிய கேபினட்டுக்குள் மீட்டர் இருந்தால் கசிந்த வாயு வெளியேற வழியில்லை, மணமும் தாமதமாகத்தான் வரும். எல்லாவற்றையும்விட, அவசரத்தில் வால்வை மூட வேண்டியவர் பெரும்பாலும் அம்மா. பருப்பு டப்பாக்களை எடுத்து வைத்துவிட்டு உள்ளே கை நீட்டித் துழாவும் நிலையில் அவரை நிறுத்த முடியாது. கால் சுற்று வால்வின் கைப்பிடி குழாயோடு ஒத்துப் படுத்திருந்தால் திறப்பு, குறுக்கே நின்றால் அடைப்பு. இது அவருக்கு ஒரே பார்வையில் தெரிய வேண்டும், நின்ற இடத்திலிருந்து எட்ட வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் நான் வைக்கும் அளவுகோல் இது ஒன்றுதான்: காற்றோட்டம் இருக்கிறதா, வால்வு கைக்கு எட்டுகிறதா.

யுடிலிட்டி என்றால் சென்னையில் வேறு சிக்கல்களும் கூடவே வரும். அங்கேதான் வாஷிங் மெஷின், அங்கேதான் இன்வெர்ட்டர் பேட்டரி. மின்பொறி எழக்கூடிய பிளக், சுவிட்ச்போர்டு, பேட்டரி எதற்கும் பக்கத்தில் மீட்டர் வரக்கூடாது. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர்தான் இடம் மாறியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் அடிக்கும் பக்கம் எது என்று பார்த்து, அதற்கு எதிர்ச்சுவரில் பொருத்தச் சொன்னோம். பெசன்ட் நகர், திருவான்மியூர் போல கடலோரம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று இன்னொரு கவலை. ஜி.ஐ. குழாயில் மரை வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். அந்த இணைப்புகளுக்கு மேல் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். மூடி வேண்டுமென்றால் கீற்றுக்கீற்றாகத் திறந்திருக்கும் லூவர் கதவு மட்டும்.

சிலிண்டருக்குத் திரும்புவது

இதை ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. அடுப்பு எங்கே போனாலும் சிலிண்டர் கூடவே போகும், அதுதான் அதன் பெரிய வசதி. வாடகை வீட்டில் இருப்பவருக்கும், ஓரிரு ஆண்டில் மறுபடி மாற்றப்போகிறவருக்கும் இது நியாயமான தேர்வு.

ஆனால் அடுப்பை அப்படியே மாற்றி மாட்ட முடியாது. பர்னருக்குள் வாயுவை விடும் சின்னப் பாகம்தான் ஜெட். குழாய் எரிவாயுவுக்கான ஜெட்டின் துளை பெரியது, எல்.பி.ஜி.க்கானது சின்னது. மாற்றாமல் சிலிண்டரில் போட்டால் நெருப்பு மஞ்சளாகச் சீறி, பாத்திரம் கரிபிடிக்கும். காற்றோட்டமும் தலைகீழாக மாறும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் திறப்பு தரையோரம் வேண்டும். சிலிண்டர் வைக்கும் கேபினட்டின் கதவுக்கு அடியில் இடைவெளி விட வேண்டும், சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். 14.2 கிலோ சிலிண்டரை யுடிலிட்டியில் வைத்துவிட்டு ரப்பர் ஹோஸை நீளமாக இழுக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஹோஸ் ஒன்றரை மீட்டருக்குள் இருக்க வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

நான்காவதாக ஒரு வழியும் சொல்லப்படுகிறது: தெரிந்த பிளம்பரை வைத்து ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடுவது. அதை நான் ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. அவர் தண்ணீர் வேலையில் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் காற்றை ஏற்றி அழுத்தச் சோதனை செய்யும் கருவி அவரிடம் இருக்காது, சீலை உடைத்ததற்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

வேலை நடக்கும் நாளில் கூடவே நில்லுங்கள். டைல்ஸ் முடிந்த பிறகு, கேபினட் வருவதற்கு முன் இதைச் செய்வது நல்லது. குழாய் ஓடும் பாதையைப் பார்த்து கார்பென்டர் பின்பலகையை வெட்டிக்கொள்வார். கழற்றும் முன் மீட்டர் எண்ணைப் படம் எடுங்கள், பொருத்திய பின் மறுபடி எடுங்கள். மீட்டர் மேல் உள்ள அம்புக்குறி வாயு போகும் திசையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவச் சொல்லுங்கள், தீக்குச்சி வேண்டவே வேண்டாம். முதலில் ஜன்னலைத் திறந்துவைத்து, குழாயில் புகுந்த காற்றை நிறுவனத்தின் ஆட்களே வெளியேற்றிய பிறகு பர்னரைப் பற்றவைக்கட்டும். கடைசியாக, பழைய இடத்தில் வெட்டி விட்ட குழாயின் முனையைப் பாருங்கள். வால்வை மூடி அப்படியே விட்டிருந்தால் போதாது, மரையோடு ஒரு மூடி போட்டு அடைத்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.