பேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ், வாட்ஸ்அப்: கிளம்புகிறேன் என்றால் விடுவார்களா? சேலத்திலிருந்து ஒரு ரிவ்யூ

பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இப்போது நான் இல்லை. எக்ஸ் தளத்தை அதற்கும் முன்பே விட்டாயிற்று. வாட்ஸ்அப்பில் இருக்கிறேன், இனியும் இருப்பேன், அதற்குக் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். செயலிகளுக்கு ரிவ்யூ எழுதுகிறவர்கள் எல்லாரும் உள்ளே என்ன வசதி இருக்கிறது என்றுதான் எழுதுகிறார்கள், வெளியே போக நினைப்பவனை எப்படி நடத்துகிறார்கள் என்று மார்க் போட்டு நான் பார்த்ததில்லை. லாட்ஜின் லட்சணம் செக்-அவுட் பண்ணும்போதுதான் தெரியும், சீசனில் ஏற்காட்டில் ரூம் எடுத்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்கு: பெரிய தத்துவம் எதுவும் இல்லை. எங்கள் வீட்டுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறைதான் பிழைப்பு, கணக்கும் ஆர்டரும் என் பொறுப்பு. ராத்திரி கணக்கை முடித்துவிட்டுப் போனை எடுத்தால் யாரோ யாரையோ திட்டுவதைப் பார்த்துக்கொண்டே பன்னிரண்டு மணி ஆகிவிடுகிறது, காலையில் அதில் ஒன்றுகூட ஞாபகம் இருப்பதில்லை. அதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கிப் போடு என்று சொல்கிறவர்கள் பேச்சையும் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு செயலியும் நம் வீட்டில் என்ன வேலை பார்க்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும், வேலையே பார்க்காததை மட்டும் அனுப்பினால் போதும்.

பேஸ்புக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது. உள்ளே வர ஒரு பெயர், போன் நம்பர், பிறந்த தேதி, பாஸ்வேர்டு போதும். வெளியே போக செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ் சென்டர், பர்சனல் டீடெய்ல்ஸ், அக்கவுண்ட் ஓனர்ஷிப் என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து போக வேண்டும். அங்கே இரண்டு வழி இருக்கிறது. டீஆக்டிவேட் என்றால் புரொஃபைல் மறைந்துவிடும், மெசஞ்சரில் மட்டும் தொடர்ந்து பேசலாம், எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். டெலிட் என்றால் 30 நாள் காத்திருப்பு, அதற்குள் உள்ளே நுழைந்து கேன்சல் கொடுத்தால் பழையபடி எல்லாம் வந்துவிடும். 30 நாள் தாண்டிய பிறகும் அவர்களுடைய சர்வரிலிருந்து எல்லாவற்றையும் அழித்து முடிக்க 90 நாள் வரை ஆகலாம் என்று அவர்களே சொல்கிறார்கள்.

இந்த 30 நாளை நம்மை இழுத்துப் பிடிக்கிற தந்திரம் என்று திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டில் சண்டை போட்டுவிட்டு ராத்திரி பதினோரு மணிக்குக் கோபத்தில் பட்டனை அழுத்துகிறவர்களுக்கு அது வேண்டியதுதான். என் குறை அந்தக் கதவுகளின் எண்ணிக்கைமேல்தான்.

டெலிட் அழுத்துவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று. 'டவுன்லோடு யுவர் இன்பர்மேஷன்' என்று ஒரு வசதி இருக்கிறது, அதில் நாம் போட்ட படம், பதிவு எல்லாவற்றையும் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். எச்டிஎம்எல், ஜேசன் என்று இரண்டு வடிவம் கேட்கும், எச்டிஎம்எல்லைத் தேர்ந்தெடுங்கள், அதுதான் பிரவுசரில் திறந்து படிக்கிற மாதிரி வரும். படங்களின் தரத்தை 'ஹை' என்று வையுங்கள். கோப்பு தயாரானதும் சில நாளுக்குள் இறக்கிவிட வேண்டும், விட்டால் மறுபடி கேட்க வேண்டியதுதான். அண்ணன் கல்யாணத்துக்கு மாமா பையன் எடுத்துப் போட்டு நம்மை டேக் செய்த படம் எல்லாம் அவன் கணக்கில்தான் இருக்கும், நம்மோடு வராது, அவனிடம் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பள்ளி நண்பர்களுக்காகவோ கடைக்காகவோ பேஜ் நடத்தி, அதற்கு நீங்கள் ஒருவர் மட்டுமே அட்மின் என்றால் பேஜும் உங்களோடு போய்விடும், இன்னொருவரை அட்மின் ஆக்கிவிட்டுக் கிளம்புங்கள். பேஸ்புக் மூலம் லாகின் செய்த மற்ற செயலிகளிலும் முதலில் மெயிலையோ நம்பரையோ கொடுத்து வைத்துவிடுங்கள்.

சொல்லாமல் கிளம்பியவர்களும் இருக்கிறார்கள். எங்கள் சித்தப்பா இறந்த பிறகும் அவர் சுவரில் பிறந்தநாள் வாழ்த்து விழுந்துகொண்டே இருந்தது, "பார்ட்டி எப்போ" என்று வேறு ஒருவர். நமக்குப் பிறகு கணக்கை யார் பார்த்துக்கொள்வது என்று எழுதிவைக்கிற 'லெகசி காண்டாக்ட்' வசதி 2015 முதல் இருக்கிறது, இல்லை அழித்தே விடுங்கள் என்றும் சொல்லி வைக்கலாம். பேஸ்புக்கை விடப் போவதில்லை என்பவர்கள் இதையாவது செய்து வையுங்கள். பேஸ்புக் வாசலுக்கு ஐந்துக்கு மூன்று.

இன்ஸ்டாகிராமும் அதே கம்பெனிதான், 2012-ல் வாங்கினார்கள். அதே அக்கவுண்ட்ஸ் சென்டர், அதே 30 நாள். தற்காலிகமாக மூடுவது மட்டும் வாரத்துக்கு ஒரு தடவைதான் முடியும். இங்கே எனக்குச் சிக்கல் வேறு. செவ்வாப்பேட்டைப் பக்கம் கொலுசுத் தொழில் செய்கிறவர்களுக்கு இன்ஸ்டாகிராம் ஒரு ஷோகேஸ், வெளியூர்க் கடைக்காரர்கள் டிசைனைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். அதனால் என் சொந்தக் கணக்கை மட்டும் அழித்தேன், பட்டறைப் பக்கத்தை அண்ணன் மகனிடம் கொடுத்துவிட்டேன். கடைப் பெயரில் கணக்கு வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டு அழிக்காதீர்கள், அழித்த பிறகு அந்தப் பெயரை வேறு யாரும் எடுத்துக்கொள்ள முடியும். பதிவு போடாமல் சும்மா வைத்திருங்கள், சோறா கேட்கிறது?

இன்ஸ்டாகிராம் இல்லாமல் நான் இழந்தது என்ன என்று பார்த்தால் பெரும்பாலும் ஏற்காடு வீடியோக்கள்தான். அதிலும் அந்தக் கிளியூர் அருவி! மழைக்காலத்தில் எடுத்ததை ஏப்ரலில் ஓட்டுவார்கள், அதை நம்பி அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப்போய், படி எல்லாம் இறங்கிப் பார்த்தால் வெறும் பாறை. லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் எல்லாம் ரீல்ஸ் எடுக்கிறவர்கள் நகர்ந்தால்தான் நமக்கு மலையே தெரியும். இப்போது மேலே காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கிற மாமாவுக்கு ஒரு போன் போடுகிறேன். "ஏனுங் மாமா, அருவியில தண்ணி வருதுங்களா?" "கொஞ்சூண்டுதான் கண்ணு, ஒரு நல்ல மழை பெய்யட்டும், அப்புறம் வா." எந்த ரீல்ஸும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. வாசலுக்கு இதற்கும் மூன்று.

எக்ஸ் பற்றி அதிகம் இல்லை. ட்விட்டராக இருந்தபோது சண்டை பார்க்கப் போனேன், 2023-ல் பெயர் மாறிய பிறகும் அதே சண்டைதான் நடந்தது. டீஆக்டிவேட் செய்துவிட்டு 30 நாள் உள்ளே போகாமல் இருந்தால் கணக்கு தானாக அழிந்துவிடும், நடுவில் லாகின் செய்தால் பழையபடி உயிர் வந்துவிடும். கதவுகள் குறைவு. மூன்றரை.

இன்னொரு செயலி, பெயர் வேண்டாம், கணக்கை மூடிய பிறகும் "உங்களை மிஸ் பண்ணுகிறோம்" என்று மெயில் அனுப்பிக்கொண்டே இருந்தது. அதற்குப் பூஜ்யம்.

யூடியூபை விட முடியவில்லை, விடவும் தேவைப்படவில்லை. வாட்ச் ஹிஸ்டரியை ஆஃப் செய்து பழையதையும் அழித்துவிட்டால் முகப்புப் பக்கம் காலியாகிவிடுகிறது, வேண்டியதை நாமே தேடிப் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு மாற்றமே எனக்குத் தினமும் ராத்திரியில் நிறைய நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

இதற்கெல்லாம் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு பிரிவு இருக்கிறது. ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் ஏறக்குறைய அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, கம்பெனிகளின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பேஸ்புக்கின் கதவுகளை இன்னொரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்புறம் வாட்ஸ்அப். வாசல் என்று பார்த்தால் இதுதான் நேரடி: அக்கவுண்டில் டெலிட், நம்பரைப் போடு, முடிந்தது. 30 நாள் யோசனை எல்லாம் கிடையாது, எல்லாக் குரூப்பிலிருந்தும் நீங்கிவிடுவோம், போனில் உள்ள அரட்டையும் போய்விடும். நாம் அனுப்பியவை மட்டும் மற்றவர்கள் போனில் அப்படியே இருக்கும். நான் இதை அழுத்தாததற்குக் காரணம் ஒன்றல்ல. ஆர்டர் இதில்தான் வருகிறது, தண்ணீர் என்றைக்கு விடுவார்கள் என்று வார்டு குரூப்பில்தான் தெரிகிறது, கல்யாணப் பத்திரிகையும் சாவுச் செய்தியும் இதில்தான். 2025-ல் எல்லாரும் ஜோஹோ கம்பெனியின் 'அரட்டை' செயலிக்கு மாறியபோது எங்கள் குடும்பக் குரூப்பும் மூட்டை கட்டிப் போனது, வாடிக்கையாளர்கள் இங்கேயே இருந்ததால் நாங்களும் திரும்பி வந்துவிட்டோம்.

அதனால் உள்ளே இருந்துகொண்டே பாதி விடுவது எப்படி என்று கற்றுக்கொண்டேன். நம்மை யார் குரூப்பில் சேர்க்கலாம் என்பதை 'மை காண்டாக்ட்ஸ்' என்று மாற்றினேன். ஸ்டேட்டஸ்களை மியூட் செய்தேன். வேண்டாத குரூப்பிலிருந்து சத்தமில்லாமல் விலகும் வசதி 2022 முதல் இருக்கிறது, அட்மினுக்கு மட்டும்தான் தகவல் போகும். ஆனால் விலகியவர்கள் பெயரை 60 நாள் வரை குரூப் விவரத்தில் யாரும் பார்க்கலாம், எங்கள் பெரியத்தை அதைக் கண்டுபிடித்துவிட்டார். "என்ன கண்ணு, குரூப்ல ஆளையே காணோம், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று போன். நல்லாத்தான் இருக்கிறேன் என்று சொல்லி அரை மணி நேரம் பேசினேன், மறுநாள் காலை அவரே என்னைத் திரும்பச் சேர்த்துவிட்டார். அவர் என் காண்டாக்டில் இருக்கிறாரே.

வாட்ஸ்அப்புக்கு நான்கு. அரை மதிப்பெண் அத்தைக்காகக் குறைத்தது.