‘கிளீன் இன்ஸ்டால்’ என்று பில் போட்டுக் கிராக் ஓஎஸ் தருகிறார்கள்: லேப்டாப்பைத் திரும்ப வாங்கும்போது இதையெல்லாம் பாருங்கள்

சர்வீஸுக்குக் கொடுத்தது, வாங்கும்போதே விண்டோஸ் 11 ஹோம் ஒரிஜினலாக இருந்த லேப்டாப். திரும்பி வந்ததில் இருந்தது விண்டோஸ் 11 ப்ரோ. கேட்காமலேயே ஆஃபீஸ் தொகுப்பும் ஏற்றியிருந்தார்கள். பில்லில் ‘ஓஎஸ் லைசென்ஸ்’ என்று தனியாக ஒரு வரி. ஹோம் கொடுத்து ப்ரோ வாங்கிவிட்டோம் என்று லேப்டாப்காரருக்கு முதலில் சந்தோஷம்தான். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்ததும் குட்டு உடைந்தது. ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் ஆக்டிவேட் ஆகியுள்ளது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. வீட்டு லேப்டாப்புக்கு ஏது நிறுவனம்?

இது கேஎம்எஸ் கிராக், அதாவது லைசென்ஸ் வாங்காமலேயே ஆக்டிவேட் ஆனதாகக் காட்ட வைக்கும் திருட்டு வழி. பெரிய அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான கணினிகளை மொத்தமாக ஆக்டிவேட் செய்யக் கேஎம்எஸ் என்ற தனி சர்வர் வைத்திருப்பார்கள். அதில் கிடைக்கும் ஆக்டிவேஷன் 180 நாள் செல்லும். கணினி 7 நாளுக்கு ஒருமுறை அந்த சர்வரைத் தொட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். கிராக் செய்வது, உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே ஒரு போலி சர்வரை உட்கார வைப்பது, அல்லது வெளியே யாரோ நடத்தும் சர்வரைக் காட்டிவிடுவது. கமாண்ட் பிராம்ப்ட்டில் எஸ்எல்எம்ஜிஆர் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஒரு இடம் விட்டு, சாய்கோடு (/) போட்டு எக்ஸ்பிஆர் அடியுங்கள். ஒரிஜினல் என்றால் ‘நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியுள்ளது’ என்று வரும். வீட்டு லேப்டாப்பில் காலாவதித் தேதி வந்தால் கிராக்தான். 2038 ஜனவரி 19 என்று வந்தாலும் ஏமாற வேண்டாம், அது அதே கேஎம்எஸ் வித்தையின் இன்னொரு வகை. நிரந்தரம் என்று காட்டும்படி செய்யும் கிராக்குகளும் உண்டு. அதனால் இதோடு நிற்காமல், வாங்கும்போது ஹோம், ப்ரோ என்று எந்த எடிஷன் இருந்ததோ அதுவே இப்போதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் எரிச்சலான விஷயம், இந்தக் கிராக்குக்குத் தேவையே இல்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, அதாவது 2012 முதல், விண்டோஸோடு விற்கும் லேப்டாப்களில் லைசென்ஸ் கீ மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே, அதாவது போர்டுக்குள் பதிந்திருக்கும் சாஃப்ட்வேரிலேயே, எழுதப்பட்டிருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கை எத்தனை முறை அழித்தாலும் அது போகாது. ஒரிஜினல் இன்ஸ்டாலர் அந்தக் கீயைத் தானாகப் படித்து, எடிஷன் எது என்றுகூடக் கேட்காமல் ஹோமைப் போட்டுவிடும். நெட் கிடைத்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும். ‘ஃபார்மட் பண்ணினால் லைசென்ஸ் போய்விடும், புதிதாக வாங்கணும்’ என்று யாராவது சொன்னால் அது பொய். மதர்போர்டையே மாற்றினால்தான் அந்தப் பேச்சு எழும்.

கிராக் வேலை செய்ய வேண்டுமானால் ஆன்டிவைரஸ் அதைப் பிடிக்கக் கூடாது. அதனால் போடுகிறவர் முதலில் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை அணைப்பார், பிறகு கிராக் இருக்கும் ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டு மறுபடி இயக்குவார். இந்த லேப்டாப்பில் விலக்கப்பட்டிருந்தது ஒரு ஃபோல்டர்கூட இல்லை, சி டிரைவ் முழுவதும்! வீட்டுக்குக் காவலாள் இருக்கிறான், ஆனால் எந்த அறைக்குள்ளும் அவன் போகக் கூடாது என்கிற கதை. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், அதன் செட்டிங்ஸில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்பதைத் திறங்கள். புதிதாகப் போட்ட ஓஎஸ்ஸில் அது காலியாக இருக்க வேண்டும். விண்டோஸ் அப்டேட் ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். ‘லைட்’ என்று சொல்லி வெட்டிக் குறைத்த ஐஎஸ்ஓ எனும் இன்ஸ்டால் ஃபைல்களில் டிஃபெண்டரையும் அப்டேட்டையும் பிடுங்கியே விட்டிருப்பார்கள். பூட் ஆகும் வேகத்தைப் பார்த்து ஆள் மயங்கிப்போவது அதனால்தான்.

சரி, கிளீனாகவாவது போட்டார்களா? சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டர் இருந்தால், பழையதை அழிக்காமல் அதன் மேலேயே போட்டிருக்கிறார்கள் என்று பொருள். 10 நாளில் அது தானாக அழிந்துவிடும், ஆகவே வாங்கிய அன்றே பாருங்கள். அடுத்து, கமாண்ட் பிராம்ப்ட்டில் சிஸ்டம்இன்ஃபோ என்று அடித்தால் ஓஎஸ் போட்ட தேதியும் பதிவான உரிமையாளர் பெயரும் வரும். நீங்கள் லேப்டாப்பைக் கொடுத்ததற்கு முந்தைய தேதியோ, யாரோ ஒருவர் பெயரோ வந்தால், வேறெங்கோ முன்பே செய்து வைத்த ஓஎஸ்ஸின் முழு நகலை (இமேஜ்) அப்படியே உங்கள் டிஸ்க்கில் கொட்டியிருக்கிறார்கள். எம்எஸ்இன்ஃபோ32 திறந்து பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கி வைக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) மோட் யுஇஎஃப்ஐ என்றும், நம்பகமான ஓஎஸ்ஸை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் ஆன் என்றும் இருக்கிறதா என்று ஒரு பார்வை. வேலைக்காக செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு மறந்துபோவது சகஜம்.

இதைவிடப் பெரிய பண நஷ்டம் வேறொரு இடத்தில் நடக்கிறது. ‘எஸ்எஸ்டி போயிடுச்சு சார், இன்ஸ்டாலரிலேயே காட்டவில்லை, பாருங்கள்’ என்று திரையைத் திருப்பிக் காட்டுவார்கள். உண்மையிலேயே அங்கே எந்த டிஸ்க்கும் இருக்காது. ஆனால் எஸ்எஸ்டி நன்றாகத்தான் இருக்கும். இன்டெல் 11ஆம் தலைமுறை பிராசஸரிலிருந்து பல லேப்டாப்களில் எஸ்எஸ்டியை விஎம்டி என்ற கன்ட்ரோலர் வழியாக இணைக்கிறார்கள். அதற்கான டிரைவர் விண்டோஸ் இன்ஸ்டாலரில் இல்லாவிட்டால் டிஸ்க் கண்ணுக்குத் தெரியாது. லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, பிரித்தெடுத்து, ஐஎன்எஃப் ஃபைல் உள்ள ஃபோல்டரைப் பென் டிரைவில் போட்டு, டிஸ்க் தேர்வுத் திரையில் ‘லோட் டிரைவர்’ கொடுத்தால் அடுத்த நிமிடம் டிஸ்க் வந்து நிற்கும். வெறும் இஎக்ஸ்இ ஃபைலைப் போட்டால் எடுக்காது, பலரும் தடுக்கி விழும் இடம் அது. எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று யார் சொன்னாலும் பயாஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அங்கே அதன் மாடல் பெயர் தெரிந்தால், மாற்றுவதற்கு முன் இந்த டிரைவரைப் போட்டுப் பார்த்தாரா என்று கேளுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய எஸ்எஸ்டியைக் கையில் வாங்காமல் வராதீர்கள். உங்கள் டேட்டா அதில்தான் இருக்கிறது.

பார்ட்ஸ் மாற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொடுக்கும் முன் டாஸ்க் மேனேஜரில் ரேம் அளவு, வேகம், எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதையும், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் எஸ்எஸ்டியின் சீரியல் எண், ஓடிய மணி நேரம் இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். திரும்ப வாங்கும்போது அதே எண்ணா என்று ஒப்பிட்டால் போதும்.

டேட்டா விஷயத்துக்கு வருவோம். ‘சி டிரைவை மட்டும்தான் அழிப்போம், டி அப்படியே இருக்கும்’ என்பது பாதி உண்மை. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் சி டிரைவில்தான் இருக்கின்றன. எஸ்எஸ்டியில் அழித்ததை ட்ரிம் என்ற தானியங்கி வசதி துடைத்துவிடும், பழைய ஹார்ட் டிஸ்க் போல மீட்க முடியாது. டி டிரைவ் என்க்ரிப்ட் ஆகியிருந்தால், அதாவது விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால், இன்னொரு சிக்கல்: அதைத் தானாகத் திறக்கும் சாவி சி டிரைவில் இருந்தது. சி அழிந்ததும் டி 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீயைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து, கொடுக்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டு முடித்த பிறகும் இதே பூட்டு கழுத்தைப் பிடிக்கலாம். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக ஓஎஸ் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் முன்பைவிடக் கூடுதல் லேப்டாப்களில் டிவைஸ் என்க்ரிப்ஷன் தானாக இயங்கிவிடுகிறது. ரெக்கவரி கீ அந்தக் கணக்குக்குப் போய்விடும். கடைக்காரர் அவசரத்துக்குத் தன் கணக்கைப் போட்டு செட்டப்பை முடித்திருந்தால், உங்கள் டிஸ்க்கின் சாவி அவர் கணக்கில். பிறகு ஒருநாள் பயாஸ் அப்டேட் ஆகி லேப்டாப் கீ கேட்கும்போது நீங்கள் யாரைத் தேடிப் போவீர்கள்? செட்டப் திரை வந்ததும் நிறுத்தச் சொல்லி, பெயர், கணக்கு, பின் நம்பர் எல்லாம் நீங்களே போடுங்கள். ஏற்கெனவே அப்படி ஆகிவிட்டால் என்க்ரிப்ஷனை அணைத்து, முழுவதும் விடுபடும்வரை காத்திருந்து, உங்கள் கணக்கில் நுழைந்த பின் மறுபடி இயக்குங்கள். புதிய கீ உங்கள் கணக்குக்கு வரும்.

நீங்களே போட்டாலும் பெரிய வேலை இல்லை. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். அதில் இருப்பதெல்லாம் அழியும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூல் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பயாஸ் பூட் மெனுவில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்து, டிஸ்க் திரை வந்ததும் அந்த டிஸ்க்கின் பார்ட்டிஷன்களை ஒவ்வொன்றாக அழித்து, எல்லாம் ஒரே காலியிடமாக ஆனதும் அதையே காட்டி நெக்ஸ்ட் கொடுங்கள். லேப்டாப்பில் இரண்டு டிஸ்க் இருந்தால் அளவைப் பார்த்துத் தொடுங்கள், இரண்டாவதில் கை வைத்துவிட்டு அழுதவர்கள் உண்டு. வைஃபை டிரைவர் இல்லாமல் செட்டப் நெட் கேட்டு அடம்பிடித்தால் மொபைலை யுஎஸ்பி டெதரிங்கில் (மொபைல் நெட்டைக் கேபிள் வழியாகக் கொடுப்பது) இணைத்தால் பெரும்பாலும் நகர்ந்துவிடும். டிரைவர்களுக்கு முதலில் விண்டோஸ் அப்டேட், விட்டுப்போனதற்கு லேப்டாப் கம்பெனியின் தளம். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் தரும் ‘பேக்’ எதையும் தொட வேண்டாம். அவற்றில் பல, கேட்காத சாஃப்ட்வேரையும் கூடவே கொண்டுவரும்.

கிராக் போட்டது ஏற்கெனவே உங்கள் கையில் இருந்தால், கிராக்கை மட்டும் தேடி அழித்துத் திருப்திப்படாதீர்கள். ஃபைல்களை மட்டும் காப்பி எடுத்து, இஎக்ஸ்இ எதையும் எடுக்காமல், பென் டிரைவை வேறொரு நல்ல கணினியில் தயாரித்து, மேலே சொன்னபடி முழுதாக அழித்துப் போடுங்கள். அந்த லேப்டாப்பில் அப்படித்தான் செய்யப்பட்டது. எடிஷன் எது என்று இன்ஸ்டாலர் கேட்கவே இல்லை, நேராக ஹோம் ஏறி, நெட் கொடுத்ததும் ஒரிஜினலாக ஆக்டிவேட் ஆனது. கிராக் இருந்த நாட்களில் அதில் டைப் செய்த வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை மாற்றும் வேலை மட்டும் மீதி. அதை அந்த லேப்டாப்பில் செய்யாமல் மொபைலிலிருந்து, ஓஎஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிடலாம்.