நீர்ப்பறவை பழகக் குளமா, களப்பா?

இலங்கையின் வட பகுதியான வன்னியில் நீர்ப்பறவைகளை இனங்காணப் பழக விரும்புவோருக்கு ஊர்க்குளம், கடலோரக் களப்பு என இரண்டு இடங்கள் உண்டு. வகையும் தொகையும்தான் கணக்கென்றால் களப்பே மேல், பேச்சுக்கே இடமில்லை. 2010இல் ராம்சார் ஈரநிலமாக (சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட வங்காலையும், பெயரில் குளம் இருந்தாலும் களப்பான சுண்டிக்குளமும் மாரியில் வாத்துகளாலும் பூநாரைகளாலும் நிறைந்துவிடும். ஆயினும் நான் குளத்தையே தேர்ந்தெடுத்தேன். புதிதாகத் தொடங்குவோருக்கும் அதையே சொல்வேன்.

காரணம் ஒன்றுதான்: குளத்தில் அதே பறவைகளை ஆண்டு முழுவதும் பார்க்கலாம். பெரிய வெள்ளைக் கொக்குக்கு மஞ்சள் சொண்டு, சின்னதற்குக் கறுப்புச் சொண்டு என்று மனப்பாடம் செய்தவர், இனப்பெருக்கக் காலத்தில் பெரியதன் சொண்டும் கறுத்துப்போவதைக் கண்டு குழம்புவார். குளக்கட்டில் அடிக்கடி நிற்பவருக்கோ அந்த மாற்றம் கண்முன்னேயே நடப்பதால், நிறத்தை நம்பாமல் உருவத்தைப் பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடுகிறது. வாய்ப்பிளவின் கோடு கண்ணைக் கடந்து பின்னே நீண்டால் அது பெரிய கொக்கு. கண்ணுக்குக் கீழே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. சின்னக் கொக்கு ஆழமற்ற நீரில் சேற்றைக் கிளறிக் காலைத் தூக்கும்போது, கறுத்த காலின் நுனியில் மஞ்சள் விரல்கள் தெரியும். மாடுகளின் பின்னால் திரியும் உண்ணிக்கொக்கைக் கட்டைக் கழுத்தே காட்டிக்கொடுக்கும். தனித்து நிற்கும் கொக்கின் பருமனை மதிப்பிடுவது பழகியவருக்கும் கடினம். குளத்தின் நீர்விளிம்பான அலைகரையில் இவை அருகருகே மேய்வதால் ஒன்றை மற்றதோடு ஒப்பிட முடிகிறது.

நீர்க்காகங்களும் அப்படியே. சின்ன நீர்க்காகத்தின் சொண்டு கட்டையானது. இந்திய நீர்க்காகத்தின் சொண்டு நீண்டு மெலிந்திருக்கும், கண் நீலப்பச்சையாக இருக்கும். பட்டமரத்தில் சிறகை விரித்துக் காயும் நேரத்தில் இரண்டையும் ஆறுதலாகப் பார்க்கலாம்.

களப்பின் கரைப்பறவைகளிற் பெரும்பாலானவை வலசை வருபவை. இனப்பெருக்கக் கோலத்தைக் களைந்த மங்கிய சாம்பல் நிறத்திலேயே அவற்றை அதிகம் காண்கிறோம். சின்ன மணல் உப்புக்கொத்தியையும் பெரியதையும் பிரிக்கச் சொண்டின் நீளத்தையும் காலின் நீளத்தையும் பார்க்க வேண்டும். அவை நிற்பதோ எட்டத்துச் சேற்றுத்திட்டில், கானல் ஆடும் வெயிலில். குளத்துக்கு எட்டு மடங்கு பெருக்கும் பைனாகுலர் போதும். களப்பிலோ முக்காலியில் வைத்த தொலைநோக்கி இல்லாமல் சரிவராது, அதன் விலையும் சும்மா இல்லை. நான் களப்புக்குப் போனதெல்லாம் மாரியில்தான் என்பதால், மற்றைய மாதங்களைப் பற்றி அடித்துப் பேசமாட்டேன்.

குளத்திலும் ஒரு குறை உண்டு. குளம் நிரம்பி வான் பாயும் நாட்களில் ஆழமற்ற விளிம்பு மூழ்கிவிட, கொக்குகள் வயல்களுக்குச் சிதறிவிடும். அப்போது குளக்கட்டை விட்டு வரம்புகளில்தான் தேட வேண்டும்.