நூலகச் சிறுவர் அறையின் படம்: எங்கள் சுவரில் ஐந்து ஆண்டுகள்

ஜெர்சி சிட்டியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறோம். நியூயார்க் பொது நூலகத்தின் 42ஆம் தெருக் கட்டடம் 1911இல் திறந்தபோது அதன் தரைத்தளத்தில் சிறுவர்களுக்கென்று ஓர் அறை ஒதுக்கினார்கள். அந்த அறையின் பழைய புகைப்படம்தான் இது. தாழ்வான மேசைகள், குட்டி நாற்காலிகள், கைக்கு எட்டும் புத்தக அடுக்குகள், தலை குனிந்து படிக்கும் பிள்ளைகள். வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டுவிடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

படத்தை நான் விலைக்கு வாங்கவில்லை. காப்புரிமை இல்லாத 1,80,000க்கும் மேற்பட்ட படங்களை அந்த நூலகமே 2016இல் உயர்தரக் கோப்புகளாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அனுமதி வேண்டாம், கட்டணமும் இல்லை. கோப்பின் அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 16க்கு 20 அங்குலத்தில் தெளிவாக அச்சிட ஏறக்குறைய 4800க்கு 6000 பிக்சல் வேண்டும். அதைவிட மிகச் சிறிய கோப்பைப் பெரிதாக்கினால் பிள்ளைகளின் முகங்கள் கரைந்துவிடும். இந்தப் படத்தின் உயிரே அந்த முகங்கள்தான்.

பளபளப்பில்லாத பருத்திக் காகிதத்தில், நிறமி மையில் அச்சிட்டேன். ஐந்து ஆண்டுகளில் கறுப்பு வெளுக்கவில்லை, காகிதம் பழுக்கவில்லை. நேர் வெயில் படாத சுவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தவறு நடந்தது சட்டம் போட்ட இடத்தில். முதலில் கொடுத்த கடையில் நடுவே அட்டை எதுவும் வைக்காமல் படத்தைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் அடைத்துக் கொடுத்துவிட்டார்கள். எனக்கும் அப்போது விவரம் தெரியாது. முதல் கோடையின் புழுக்கத்திலேயே இடது மூலையில் காகிதம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, ஈரம் பட்டதுபோல் ஒரு திட்டு மின்னத் தொடங்கியது. பிரிக்கப் பார்த்தேன், மையும் சேர்ந்து உரிந்து வந்தது. மனம் விட்டுப்போயிற்று.

இரண்டாம் முறை வேறு கடை. படத்தைச் சுற்றி அமிலமற்ற அட்டை வைத்தார்கள். காகிதத்தை மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் பிடித்துவிட்டு மற்றபடி தளர்வாக விட்டார்கள். கோடையில் விரியவும் குளிர்காலத்தில் சுருங்கவும் அதற்கு இடம் வேண்டும். அதோடு, சுவரில் ஹீட்டருக்கு மேலே மட்டும் மாட்டாதீர்கள் என்றார்கள், அந்தச் சொல்லைத் தட்டவில்லை. கண்ணாடிக்குப் பதில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் போட்டுக்கொண்டேன். எடை குறைவு, விழுந்தாலும் சில்லு சில்லாக நொறுங்காது. ஆனால் தூசியை இழுக்கும், எளிதில் கீறல் விழும். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் பட்டால் மங்கிப்போகும். மெல்லிய மைக்ரோஃபைபர் துணி போதும்.

இத்தனை செய்தும் முதல் இரண்டு ஆண்டுகள் அந்தப் படம் வீட்டில் யாரோடும் பேசவில்லை. ஓவியக் கூடங்களில் மாட்டுவதுபோலப் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலத்தில் வருமாறு அளந்து மாட்டியிருந்தேன். எனக்குச் சரியான உயரம். என் மகளுக்கு அப்போது நான்கு வயது, அவள் ஒரு நாளும் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை.

சுவருக்கு வண்ணம் அடித்த வாரத்தில் படத்தைக் கழற்றித் தரையில் சாய்த்துவைத்திருந்தேன். அவள் அதன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு பிள்ளையின் காலணிமேல் விரலை வைத்துக் கேட்டாள்: "அம்மா, இவளுக்கு மட்டும் கால் எப்படித் தரையில் படுகிறது?" எங்கள் சாப்பாட்டு மேசையில் அவள் கால்கள் எப்போதும் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருக்கும். நான் குனிந்து பார்த்தேன். அந்தச் சிறுமியின் இரண்டு பாதங்களும் முழுதாகத் தரையில் பதிந்திருந்தன. இரண்டு ஆண்டுகள் பார்த்தும் என் கண்ணில் படாத ஒன்று.

அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைகளை உள்ளே விடாத நூலகங்கள் பல இருந்தன. ஆன் கரோல் மூர் என்ற நூலகர் 1896இல் புரூக்ளினில் பிராட் நிறுவனத்தின் நூலகத்தில் சிறுவர் பிரிவைத் தொடங்கினார். 1906 முதல் 1941 வரை நியூயார்க் பொது நூலகத்தின் சிறுவர் பணிகளை நடத்தினார். அடுக்குகளைத் திறந்துவைத்தது, மெழுகுவத்தி ஏற்றிக் கதை சொன்னது எல்லாம் அவர் வளர்த்த வழக்கங்கள். புத்தகங்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வேன் என்ற உறுதிமொழிக்குக் கீழே தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்தால் அந்தப் பிள்ளை உறுப்பினர். படத்திலுள்ள அந்த நாற்காலிகளின் உயரத்தை யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

வண்ணம் காய்ந்ததும் படத்தின் நடுப்பகுதி 38 அங்குலத்தில் வருமாறு ஆணி அடித்தேன். பின்பக்கம் ஒரே கம்பியில் தொங்கவிடாமல் இரண்டு கொக்கிகளில் மாட்டினேன், அதனால் யார் இடித்தாலும் சாய்வதில்லை. பெரியவர்கள் குனிந்துதான் பார்க்க வேண்டும். சிலர் தவறாக மாட்டிவிட்டேன் என்றே நினைக்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை அவளை ரயிலில் கூட்டிப்போய் அந்தக் கட்டடத்தைக் காட்டினேன். சிறுவர் பிரிவு இப்போது ஐந்தாம் அவென்யூவின் எதிர்ப்புறம், 40ஆம் தெரு முனையிலுள்ள கிளையில் இயங்குகிறது. அவள் முதலில் செய்தது ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கால் தரையில் படுகிறதா என்று பார்த்ததுதான். பட்டது.

செலவு, வீணான முதல் முயற்சியையும் சேர்த்து, 300 டாலரை நெருங்கியது. சட்டத்துக்கு மட்டும் அதில் பெரும்பகுதி போயிற்று. மறுபடி செய்வதானாலும் அதில் சிக்கனம் பார்க்கமாட்டேன்.

மகளுக்கு இப்போது ஏழு வயது. கொஞ்சம் மேலே ஏற்றட்டுமா என்று போன மாதம் கேட்டேன். வேண்டாம் என்றாள். அவள் தம்பி சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கியிருக்கிறான். அக்ரிலிக்கின் கீழ் விளிம்பு முழுக்க அவன் விரல் தடங்கள். வாரத்துக்கு ஒரு முறைதான் துடைக்கிறேன்.